கால் சுற்று

மார்ச் 2

இந்த டைரி இரண்டு வருஷமாக என் குக்கர் ரிப்பேர் கடையில் ரப்பர் ஷீட்டுகளுக்கு அடியில் கிடந்தது. கிழமை பொருந்தாது, அடித்துவிட்டு எழுதிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் 'விசில் மாற்றவும்', 'கைப்பிடி ஆடுது' என்று குக்கரில் ஒட்டும் சீட்டுகள்தான். ஆனால் சில விஷயங்களை வாய்விட்டுச் சொன்னால் மனைவி செல்லக்கனி சிரிப்பாள், மகள் முறைப்பாள். டைரி இரண்டும் செய்யாது.

விஷயம் இதுதான். என் மகள் பியூலா நீர்மூழ்கிக் கப்பல் செய்கிறாள்.

எழுதிப் பார்த்தாலும் நம்பும்படியாக இல்லை. பெரிய கப்பல் இல்லை. ஒரே ஒரு ஆள் உட்காரலாம். கேஸ் சிலிண்டரைப் படுக்கப்போட்டு ஊதிப் பெரிதாக்கின மாதிரி இருக்கும். முன்பக்கம் வட்டமாக ஒரு ஜன்னல். திருச்சியில் பாய்லர் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டு வந்து இதைச் செய்கிறாள். சின்ன வயதில் இரண்டு காதிலும் ஆபரேஷன் ஆனவள். கடலில் முக்குளிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'தூத்துக்குடியில பொறந்துட்டு கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்காம சாக மாட்டேன்' என்று ஒன்பதாம் வகுப்பில் சொன்னாள். நான் பெரிய டிவியாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போதவில்லை போலிருக்கிறது.

நான் சாத்தான்குளத்துக்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் குடத்தில் இருக்கும். கடலில் முழங்கால்வரை நின்றிருக்கிறேன், அதுவும் கல்யாண ஆல்பத்துக்காக.

இன்று கடைக்கு வந்து, "அப்பா, ஜன்னலுக்கு ரப்பர் வெட்டணும். மெஷின்ல வெட்டினா பிசிறு வருது. உங்க கை வேணும்" என்றாள்.

கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். தலை கனத்துவிட்டது. அது எதற்கான ரப்பர் என்ற யோசனை அவள் போன பிறகுதான் வந்தது.


மார்ச் 4

திரேஸ்புரத்தில் படகு கட்டும் இடத்துக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அதில்தான் கப்பல் கிடக்கிறது. ரப்பரைக் கொண்டுபோனேன். கன கச்சிதம். அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஜன்னலைத் தட்டிப் பார்த்தேன்.

"என்னட்டி, பிளாஸ்டிக்கா?"

"அக்ரிலிக்கு."

"என் கடை போர்டும் அக்ரிலிக்குதான். போன மழைக்கு ஒடஞ்சிட்டு."

"அது மூணு மில்லிமீட்டர். இது ரெண்டரை இஞ்சு. நகருங்கப்பா, வேர்வை விழுது."

கண்ணாடியின் ஓரம் லேத்தில் சரிவாகக் கடையப்பட்டிருக்கிறது. வெளிப்பக்கம் அகலம், உள்பக்கம் குறுகல். பூந்தொட்டியைக் குறுக்கே வெட்டின மாதிரி. கப்பலின் இரும்பிலும் அதே சரிவில் ஒரு குழி. கிரீஸ் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து அதில் உட்கார வைக்கிறாள். மேலே என் ரப்பர். அதற்கு மேல் ஒரு இரும்பு வளையம். வளையத்தைச் சுற்றிலும் போல்ட்டுகள்.

"கையால இறுக்குங்க. அதுக்கு மேல ஸ்பேனர் போட்டு கால் சுத்து. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"எவ்வளவு ஆழம் போவ?"

"இருபது பாகம்." பாகம் என்பது மீனவர் கணக்கு. ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. இருபது ஆளை ஒருவர் மேல் ஒருவராகக் கடலுக்குள் நிறுத்திப் பார்த்தேன். அடியில் நின்றவன் நான்தான்.

"அங்க இந்தக் கண்ணாடி மேல எவ்வளவு வெயிட் உக்காரும்?" கேட்டிருக்கக் கூடாது.

"நாலரை டன் வரும். ஒரு லோடு லாரி ஏறி நிக்க மாதிரி."

லாரி. அதற்கு இந்தப் பக்கம் என் மகளின் முகம். நடுவில் கால் சுற்று.


மார்ச் 5

மிக்ஸி ஜாருக்கே நான் அரைச் சுற்று கொடுப்பேன்.


மார்ச் 7

மதியம் கைக்கடிகாரத்தை ஷெட்டில் மறந்துவிட்டதால் எடுக்கப் போனேன். பியூலா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் செல்லக்கனி, "மணிக்கட்டுல ஏன் தைலம் தேய்க்கீங்க?" என்றாள். வயசு என்றேன்.


மார்ச் 10

இன்று கப்பலை ஆள் இல்லாமல் இறக்கிப் பார்த்தார்கள். மீனவர் கஸ்பாருடைய விசைப்படகில் கட்டி இழுத்துப் போனோம். 'போனோம்' என்று எழுதுகிறேன். நான் பாதி வழியில் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்தேன். காலையில் தின்ற இடியாப்பம் மீனுக்கு.

"அண்ணாச்சி, கடலு இன்னைக்கிப் பால் மாதிரி கெடக்கு. இதுக்கே இப்பிடியா?" என்றார் கஸ்பார்.

"எனக்குப் பாலும் ஒத்துக்காது வே."

பியூலா கப்பலுக்குள் தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்திருந்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும் என்று. படகில் கயிறு சுற்றும் வின்ச்சில் கட்டி முப்பது பாகம் இறக்கினார்கள். அவள் போகப்போவது இருபதுதான். சோதனைக்குக் கூடுதல் ஆழம். அரை மணி அங்கேயே வைத்து மேலே தூக்கினார்கள். திறந்து பார்த்தால் பேப்பர் மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கிறது. பியூலா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கடைசியாக அவள் அப்படிச் செய்தது பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு.

பேப்பர் காய்ந்து கிடந்ததற்குக் கால் சுற்று மட்டும் காரணம் இல்லை என்று ஒரு ஆளுக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.


மார்ச் 11

எல்லா போல்ட்டும் லூஸ்!

இன்று மதியம் டார்ச் எடுக்கப் போனேன். சும்மா ஒரு போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலால் சுற்றினால் சுற்றுகிறது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம். அவ்வளவு இறுக்கியும் ஒரே முக்கில் கடல் எல்லாவற்றையும் கழற்றி வைத்திருக்கிறது. அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். 'அவ்வளவு இறுக்கி' என்ற இடத்தில் வாக்கியம் நின்றுவிட்டது.

சொல்லவில்லை. வேண்டியதைச் செய்தேன். ஸ்பேனரின் வாலில் ஒன்றரை அடி பைப்பு மாட்டினால் பலம் தானாக வரும். இதைக் கண்டுபிடிக்க பாய்லர் கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை.


மார்ச் 14

கடையில் நல்ல கூட்டம். வெயில் ஏற ஏறக் குக்கர் கெட்டுப்போகும், ஏன் என்று தெரியாது. பாறை மீன் வாங்கிப் போனேன். சாப்பிடும்போது செல்லக்கனியிடம் கேட்டேன்.

"உனக்குப் பயமே இல்லையா?"

"அவ திருச்சி ரோட்டுல ஆறு வருஷம் ஸ்கூட்டி ஓட்டினா. அப்போ பயந்து முடிச்சிட்டேன். கடல்ல எதிர்ல பஸ் வருமா?"

பஸ் வராது. லாரி ஏறி உட்காரும். சொல்லவில்லை.


மார்ச் 20

கிரீஸ் மாற்றுவதற்காகப் பியூலா இன்று வளையத்தைக் கழற்றினாள். நான் பக்கத்தில் இருந்தேன். போல்ட்டு வரவில்லை. ஸ்பேனரில் தொங்கினாள்.

"ஏன்ப்பா இவ்ளோ டைட்டா இருக்கு?"

"உப்புக்காத்து. பிடிச்சிருக்கும்."

"ரெண்டே வாரத்துலயா?"

"தூத்துக்குடி உப்புல்லா."

கண்ணாடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அப்படியே நின்றாள். ஓரத்தில், போல்ட்டு இருந்த இடங்களுக்கு நேரே, முடி மாதிரி மெல்லிய கோடுகள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மேலே இல்லை, உள்ளே இருக்கிறது.

"நான்தான் தப்பா கடையக் குடுத்திருக்கேன்" என்றாள். "சரிவோட அளவுல எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாள். நான் காப்பி வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆறு தோசை சாப்பிட்டேன். "என்ன இன்னைக்கி இவ்ளோ பசி?" என்றாள் செல்லக்கனி. தெரியவில்லை. வயிறு ரொம்ப நாளைக்குப் பிறகு லேசாக இருந்தது. மகளுக்கு ஒரு கஷ்டம் வந்த நாளில் இப்படிப் பசிப்பது நல்லதில்லை என்று தோன்றியது. ஏழாவது தோசையை வேண்டாம் என்றேன்.


மார்ச் 24

கூடுதலாக ஒரு கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறாள்! எனக்குத் தெரியவே தெரியாது. கணக்கில் தப்பு எதுவும் இல்லையாம், முந்தினது பொருளிலேயே கோளாறாக இருக்கும் என்கிறாள். இன்று மாட்டியாகிவிட்டது. கையால் இறுக்கி, கால் சுற்று. என் முன்னால்தான்.

முதல் கண்ணாடி ஏன் கீறியது என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. லூஸாகி, ஆடி, அடிபட்டுத்தான் கீறியிருக்கும். கடையில் ஆடும் மூடிகளைத் தினமும் பார்க்கிறேன்.


மார்ச் 25

டார்ச்.


மார்ச் 26

தைலம் தீர்ந்துவிட்டது.


மார்ச் 31

தேதி குறித்தாகிவிட்டது. ஏப்ரல் 9. பதினைந்தாம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. தடை முடிவதற்குள் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று வந்துவிடும். கடல் தை மாசிக்குத்தான் அடங்கும். கஸ்பாரால் ஒரு தடவைதான் வரமுடியும், கடைசி நாட்களில் அவர் மீன் பிடிக்க வேண்டும்.

"அப்போ ஆள் இல்லாம இன்னொரு தடவ எறக்கிப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"மொத கண்ணாடி முப்பது பாகம் தாங்கிச்சுல்லா. இதுவும் அதே பொருள், அதே அளவு. நேரா நான் போறேன்."

'அதே பொருளில் கோளாறு என்றாயே' என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. ராத்திரி ஜெபத்தில் செல்லக்கனி கப்பலைச் சேர்த்துக்கொண்டாள். நான் போல்ட்டுகளைச் சேர்த்துக்கொண்டேன்.


ஏப்ரல் 3

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

பதினோரு மணி இருக்கும். போல்டன்புரத்திலிருந்து ஒரு டீச்சரம்மா குக்கர் கொண்டுவந்தார்கள். உள்மூடி குக்கர். மூடியைச் சாய்த்து உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே இழுத்து மூடுவோமே, அந்த வகை. கைப்பிடியில் இருக்கிற கொக்கி முறிந்திருந்தது.

"அண்ணாச்சி, சாதம் வேகும்போது கொக்கி டப்புன்னு போயிட்டு. நான் பயந்து வாசலுக்கு ஓடிட்டேன். ஆனா மூடி பறக்கல. இன்னும் இறுக்கமாத்தான் இருந்துச்சு. எப்படி?"

முப்பது வருஷமாகச் சொல்கிற பதில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"உள்மூடியில அதுதான் டீச்சர் விசேஷம். ஆவி உள்ளேருந்து தள்ளும். தள்ளத் தள்ள மூடி போய் வாய்ல நல்லா உக்காரும். மூடுறது கொக்கி இல்ல, ஆவிதான். கொக்கி சும்மா ஆவி வர்ற வரைக்கும் மூடியப் பிடிச்சு வச்சிருக்கும். அத எதுக்கு மல்லுக்கட்டி இறுக்கணும்? இறுக்கினா விளிம்புதான்..."

அங்கே நிறுத்திவிட்டேன்.

"விளிம்புதான்?" என்றார்கள் டீச்சரம்மா.

விளிம்புதான் கீறும்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். குக்கரில் உள்ளேயிருந்து ஆவி. கடலில் வெளியேயிருந்து தண்ணீர். பூந்தொட்டி மாதிரிச் சரிவு எதற்கு என்று இப்போது புரிகிறது. கடல் தள்ளத் தள்ளக் கண்ணாடி போய்க் குழியில் உட்காரும். அது உள்ளே போய் உட்கார்ந்ததால்தான் போல்ட்டு லூஸாகியிருக்கிறது. கடல் எதையும் கழற்றவில்லை. மூடியிருக்கிறது. வளையம் வெறும் கொக்கி. நான் பைப்பு மாட்டி இறுக்கியது கொக்கியை. கீறியது விளிம்பு.

முதல் கண்ணாடியைக் கீறியது நான். இரண்டாவதையும் அதே மாதிரி, அதைவிட அதிகமாக இறுக்கி வைத்திருக்கிறேன். ஆறு நாளில் அதற்குப் பின்னால் போய் அவள் உட்காரப்போகிறாள்.

டீச்சரம்மா தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். வெயில் என்றேன்.


ஏப்ரல் 4

கடை திறக்கவில்லை.


ஏப்ரல் 5

மதியம் போய்ப் போல்ட்டையெல்லாம் தளர்த்திக் கால் சுற்றில் கொண்டுவந்து வைத்தேன். இனி யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. டார்ச் அடித்துக் கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்தேன் (இந்தத் தடவை உண்மையிலேயே டார்ச்). ஒன்றும் தெரியவில்லை. வளையத்துக்கு அடியில் இருந்தால் எப்படித் தெரியும்? கழற்றிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாட்டத் தெரியாது.

கீறல் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

சொன்னால் அவள் ஒரு வருஷ உழைப்பு போயிற்று. சொல்லாமல் இருந்தால்.

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

சொல்லாமலே பயணத்தை நிறுத்த ஏதாவது வழி உண்டா என்று பார்த்தேன். செல்லக்கனியிடம், "ஒம்பதாம் தேதி உனக்கு நெஞ்சுவலி வருமா?" என்று கேட்டேன். "உங்களுக்கு வேணா வரட்டும். எனக்குச் சோலி கெடக்கு" என்றாள். கஸ்பாரிடம் போய், எஞ்சினில் கோளாறு என்று சொல்லிவிட முடியுமா என்று கெஞ்சினேன்.

"அண்ணாச்சி, எஞ்சினப் பத்திப் பொய் சொன்னா எஞ்சின் கேட்டுக்கிடும். அப்புறம் நடுக்கடல்ல அத உண்மையாக்கி வைக்கும். பிள்ளகிட்டயே சொல்லும்வே."

"என்னத்தச் சொல்ல?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா எதையோ சொல்லாம வச்சிருக்கீரு. மூஞ்சி காட்டுது."


ஏப்ரல் 6

ஆராதனையில் என்ன பாட்டு என்று தெரியாமல் வாயசைத்துக்கொண்டிருந்தேன். பியூலா எனக்கும் செல்லக்கனிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை விரல்களில் நகமே இல்லை. கடித்துக் கடித்துத் தின்றிருக்கிறாள். இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்? நான் போல்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.


ஏப்ரல் 7

சொல்லிவிட்டேன்.

ஷெட்டில் எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பியூலா, அந்தக் கண்ணாடி போல்ட்டு இருக்குல்லா. அத நான் கொஞ்சம் இறுக்கினேன்."

"எப்போ?"

"நீ சாப்பிடப் போற நேரத்துல."

"எந்தக் கண்ணாடிய?"

"ரெண்டையும்."

துணியைக் கீழே வைத்தாள். "கொஞ்சம்னா?"

"பைப்பு போட்டு."

கண்ணை மூடிக்கொண்டாள். பைப்பு என்ற சொல் அவள் மேல் விழுவதைப் பார்த்தேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மொத கண்ணாடி கீறினப்போ நாலு நாளா கணக்கத் திருப்பித் திருப்பிப் போட்டேன். என் படிப்பே தப்புன்னு நெனச்சேன். நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. காப்பி வாங்கிக் குடுத்தீங்க."

"அப்போ எனக்குத் தெரியாதுட்டி. மூணாம் தேதிதான் தெரிஞ்சுது."

"இன்னைக்கி ஏழு."

கீழே கிடந்த துணியைக் குனிந்து எடுத்தேன்.

அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே கேட்டாள், கோபம் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள: "ஒடையக் கூடாதுன்னு இறுக்கினீங்களா, நான் போகக் கூடாதுன்னு இறுக்கினீங்களாப்பா?"

"ஒடையக் கூடாதுன்னுதான்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். யோசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஆறு தோசையைப் பற்றி எழுதியதே அதிகம்.

அப்போதே வளையத்தைக் கழற்றிக் கண்ணாடியை வெயிலில் வைத்துப் பார்த்தாள். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தாள். ஒரு கோடு இருக்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது. எனக்கு இல்லாத மாதிரித் தோன்றியது. பிறகு மாற்றித் தோன்றியது. கடைசியில் கஸ்பாருக்குப் போன் போட்டாள். "அண்ணே, ஒம்பதாம் தேதி நான் எறங்கல. ஆள் இல்லாம எறக்கிப் பாப்போம். இருபது பாகம்தான். நல்லா இருந்தா, அன்னைக்கே நான்."


ஏப்ரல் 9

காற்றே இல்லை. வயிறும் அடங்கிக் கிடந்தது. பயம் முற்றினால் வாந்தி வராது என்று தெரிந்துகொண்டேன்.

பேப்பர் விரித்தாள். அவள் உட்காரும் நாற்காலியில் தன் எடைக்குச் சரியாக மணல் மூட்டை வைத்துப் பெல்ட் போட்டாள். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். கப்பல் இறங்கியது. வின்ச் கயிற்றில் கஸ்பார் துணி கட்டி வைத்திருக்கிற அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. இருபதாவது போனதும் நிறுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. உடைந்தால் சத்தம் வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

தூக்க ஆரம்பித்தபோது வின்ச்சின் குரல் மாறியது. முனகியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"வெயிட்டு ஏறிட்டு" என்றார் கஸ்பார்.

மேலே வந்தது. ஜன்னல் எங்கள் பக்கமாகத் திரும்பியது. கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு விரிசல், மின்னல் மாதிரி. உள்ளே முக்கால்வாசி தண்ணீர். ஒரு முழுச் செய்தித்தாள் பக்கம் உள்பக்கமிருந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது, அவள் முகம் இருக்கவேண்டிய உயரத்தில்.

பியூலாவைப் பிடித்துக்கொண்டேன். யார் யாரைப் பிடித்தோம் என்று தெரியவில்லை. கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அவள் போகவில்லை. நான் ஆசைப்பட்டபடி இனி ஒரு வருஷத்துக்குப் போகமாட்டாள். அந்த ஆசைக்கு ஒரு முகம் இருக்கும் என்று தெரியாது. இன்று பார்த்தேன், நனைந்த பேப்பராக இருந்தது.


ஏப்ரல் 10

மூன்று குக்கர், ஒரு கேஸ் அடுப்பு. பசி இல்லை.


ஏப்ரல் 13

குருத்தோலை ஞாயிறு. ஓலையோடு திரும்பி நடந்து வந்தோம். செல்லக்கனி முன்னால் போய்விட்டாள். பியூலா வேகத்தைக் குறைத்து என்னோடு வந்தாள்.

"சொல்லாம இருந்திருந்தீங்கன்னா நேரா எறங்கியிருப்பேன்."

"ம்."

"இறுக்காம இருந்திருந்தீங்கன்னா நல்லபடியா போய்ட்டு வந்திருப்பேன்."

"ம்."

"ரெண்டையும் கூட்டிக் கழிச்சா என்ன வருதுன்னு எனக்குத் தெரியலப்பா."

நான் கணக்கில் எப்போதுமே வீக் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் ஓலையால் முதுகில் ஒரு அடி அடித்தாள்.

தெரு முனைக்கு வந்தபோது சொன்னாள்: "பயமா இருக்குன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். அதப் போயி போல்ட்டுகிட்டச் சொல்லியிருக்கீங்க."

டைரியிடமும் சொன்னேன். அதை அவளிடம் சொல்லவில்லை.


பிப்ரவரி 11

அடுத்த வருஷம் வந்துவிட்டது. இடையில் எழுத ஒன்றும் இல்லை. புதுக் கண்ணாடி வந்தது. ஐப்பசி மழையில் கடை போர்டு மறுபடி உடைந்தது. புதுக் கண்ணாடியை ஆள் இல்லாமல் இரண்டு தடவை முப்பது பாகம் இறக்கி எடுத்தாள். இரண்டு தடவையும் பேப்பர் காய்ந்து இருந்தது. மாட்டும்போது என்னைக் கூப்பிட்டாள். ஸ்பேனரை என் கையிலேயே கொடுத்தாள். கால் சுற்று. கையை எடு என்று கைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எடுத்தது.

இன்று அவள் இறங்கினாள்.

மூடியைச் சாத்துவதற்கு முன் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். செல்லக்கனி படகுக்கு வந்திருந்தாள். திருச்சி ரோட்டில் பயந்து முடித்தவள் முகம் வெளிறிப்போய் இருந்தாள். கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் கயிற்றோடு சேர்த்து ஒரு போன் வயர் போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கக் கருவியைக் கஸ்பார் என்னிடம் கொடுத்தார்.

"நான் வின்ச்சப் பாக்கணும். நீரு பேசும்."

"நான் என்னத்தப் பேச?"

"உமக்கா பேசத் தெரியாது?"

கப்பல் கீழே போயிற்று. முதலில் அதன் நிறம் போயிற்று, பிறகு உருவம், பிறகு குமிழி மட்டும்.

"அப்பா?" கருவிக்குள் அவள் குரல் வாளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"சொல்லுட்டி."

"அஞ்சு பாகம். எல்லாம் சரியா இருக்கு." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. வேக வேகமான மூச்சு. "அப்பா, பயமா இருக்கா உங்களுக்கு?"

வழக்கமாக ஒரு பதில் தயாராக இருக்கும். சேச்சே என்பேன், கிண்டலாக ஒன்று சொல்வேன். வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"ஆமாட்டி. ரொம்ப. ஒங்கம்மா தோளப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்."

வயரில் ஒரு சத்தம். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"எனக்கும்தான்ப்பா. பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

பேசினேன். என்ன பேசினேன் என்று பாதி நினைவில்லை. ஒரு ஆள் விசிலை மாட்டாமல் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, விசில் வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்ததைச் சொன்னேன். என் கல்யாணத்தன்று கடலில் முழங்கால்வரை நின்றபோது நண்டு கடித்ததை, போட்டோவில் நான் சிரிப்பதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அதை முப்பத்திரண்டு வருஷமாகச் செல்லக்கனியிடமே சொன்னதில்லை. தன் தோளில் இருந்த என் கையை அவள் கிள்ளினாள். நடுநடுவே கஸ்பார் விரலைக் காட்டுவார்: பத்து. பதின்மூன்று. பதினாறு. ஒவ்வொரு விரலுக்கும் என் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் கத்திக்கொண்டிருந்தேன்.

கஸ்பார் வின்ச்சை நிறுத்தினார். இருபது.

"பியூலா?"

பதில் இல்லை.

"ஏட்டி. பியூலா."

வயரில் ஒன்றும் இல்லை. மூச்சும் இல்லை. கஸ்பார் என்னைப் பார்க்கிறார். செல்லக்கனி என்னைப் பார்க்கிறாள். நான் தண்ணீரைப் பார்க்கிறேன். அது ஒன்றும் சொல்லாமல் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. தூக்குங்க என்று கத்த வாயெடுத்தேன்.

"உஷ்" என்றது கருவி.

"என்னட்டி!"

"உஷ். சத்தம் போடாதீங்கப்பா." ரகசியம் பேசுகிற குரல். "ஒரு மீன் வந்திருக்கு. பெரிய களவா. கண்ணாடிக்கு நேரா வந்து மூஞ்சிய வச்சு என்னையே பாக்குது. அப்படியே உங்கள மாதிரி இருக்கு."

"என்ன மாதிரின்னா? அழகாவா?"

"பயந்து போயி நிக்கு" என்றாள் என் மகள், இருபது பாகத்துக்கு அடியிலிருந்து. "ஆனா போமாட்டேங்கு."